தாளைக் கிழிக்கச் சொல்லும் குரல்

வாசகர் கேள்வி – பதில்

எழுத்து, ஓவியம், இசை என்று ஏதோ ஒன்றில் ஈடுபட விரும்பியும் தன்மீது நம்பிக்கை வராமல் தவிப்பவர்கள் எழுதிய கடிதங்களில், சிறுவயதில் பட்ட காயத்தையும் சேர்த்துச் சொன்னவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, ஊர்ப் பெயர்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 36. ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில், வீட்டில் பிள்ளைகள் இருப்பதே தெரியாதபடி நாங்கள் ஒடுங்கிக் கிடக்க வேண்டும். பள்ளியில் கட்டுரைப் போட்டியில் வாங்கிய சான்றிதழை அவர் அடுப்பில் செருகியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது எல்லோரும் தூங்கிய பிறகு, அச்சகத்தில் மீந்துபோகும் துண்டுத் தாள்களில் கதை எழுதுகிறேன். நாலைந்து பக்கம் போனதும் "உனக்கெதுக்குடி இதெல்லாம்" என்று அவர் குரல் கேட்கிறது. உடனே கிழித்துவிடுகிறேன். தப்பிப் பிழைத்த இரண்டு கதைகள் இதழ்களில் வந்தன. அந்த வாரம் ஆசிரியருக்கு வேறு கதை கிடைத்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. எனக்கு உண்மையிலேயே எழுத வருகிறதா, ஐயா?
— பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் குழுவில் அமர்ந்து கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலையை நெடுங்காலம் பார்த்தவன் நான். கதை கிடைக்காத வாரம் என்று ஒன்று எந்த இதழுக்கும் வருவதில்லை. இடமில்லாமல் நல்ல கதைகளே மாதக்கணக்கில் மேசையில் காத்துக் கிடக்கும். முன்பின் தெரியாத ஒருவர்மீது இரக்கப்பட்டு, பக்கம் ஒதுக்கி, ஓவியரிடம் படம் வாங்கி, மெய்ப்புப் பார்த்து, சன்மானமும் அனுப்பிவைக்கும் ஆசிரியரை நான் இதுவரை சந்தித்ததில்லை. இரண்டு கதைகளும் நன்றாக இருந்ததால்தான் வந்தன.

இப்படிச் சொன்னாலும் உங்கள் மனம் ஒப்பாது என்பதும் தெரியும். 1978இல் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், படிப்பிலும் தொழிலிலும் சாதித்த 150க்கு மேற்பட்ட பெண்களைக் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பட்டமும் பதவியும் கையில் இருந்தும், தாங்கள் பெற்றது அதிர்ஷ்டத்தாலோ யாரோ செய்த தவறாலோ வந்தது என்றும், என்றாவது ஒருநாள் சாயம் வெளுத்துவிடும் என்றும் அந்தப் பெண்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். வெற்றி சேரச் சேர அந்த அச்சம் குறையவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. எனவே பத்துக் கதைகள் வெளிவந்தால் தைரியம் வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். பதினோராவது கதைக்கும் அந்தக் குரல் வரக்கூடும்.

அந்தக் குரல் உங்கள் எழுத்தைப் பற்றிய கருத்தே அல்ல என்பது என் எண்ணம். குடிகாரத் தகப்பன் உள்ள வீட்டில் வளரும் பிள்ளை, கேட் திறக்கும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணித்துவிடும். எப்போது பேச்சை நிறுத்த வேண்டும், எந்த மூலையில் நின்றால் கண்ணில் படாமல் இருக்கலாம் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்ளும். கண்ணில் படாமல் இருப்பதுதான் அந்த வயதில் அதற்குக் கிடைக்கும் ஒரே பாதுகாப்பு. கதை எழுதுவதோ இதற்கு நேர் எதிரான காரியம். ‘நான் இங்கே இருக்கிறேன், எனக்குத் தோன்றியது இது’ என்று நாலு பேர் முன் நிற்பது. சிறுவயதில் அப்படி நின்ற ஒரே தடவை, சான்றிதழ் அடுப்புக்குள் போயிற்று. ஆகவே கதை உயிர்பெற்று எழும்போதெல்லாம் பழைய காவல் விழித்துக்கொண்டு, ‘ஒளிந்துகொள்’ என்கிறது. அன்று உங்களைக் காப்பாற்றிய பழக்கம், இன்று தாளைக் கிழிக்கிறது. அடுத்த முறை குரல் வரும்போது, கதை தள்ளாடும் இடத்தில் வருகிறதா, நன்றாக வரத் தொடங்கும் இடத்தில் வருகிறதா என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வரியில் வராமல் நாலைந்து பக்கம் போன பிறகுதான் வருகிறது என்று நீங்களே எழுதியிருப்பது எனக்கு ஏற்கெனவே ஒன்றைச் சொல்கிறது.

எழுதுகிறவருக்குச் சந்தேகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் இல்லாதவர்கள் அனுப்பும் கதைகளையும் நிறையப் படித்திருக்கிறேன். அந்தச் சங்கடம் தனி. ஆனால் இரண்டு வகைச் சந்தேகத்தையும் பிரித்தறிய முடியும். ‘இந்தக் கிழவி இப்படிப் பேச மாட்டாள்’, ‘மூன்றாம் பத்தி தேவையில்லை’ என்று தாளில் உள்ள ஒன்றைச் சுட்டிக்காட்டும் சந்தேகம் எழுத்தாளருடையது. அதற்குச் செவிகொடுத்துத் திருத்துங்கள். ‘உனக்கெதுக்கு’ என்பதில் கதையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அது எழுதுகிற ஆளைப் பற்றியது; அதை வைத்துக்கொண்டு எந்த வாக்கியத்தையும் திருத்த முடியாது.

உங்களுடைய 36 வயதிலேதான், 1919 நவம்பரில், ஜெர்மன் மொழி எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா தன் தந்தைக்கு நூறு பக்கத்துக்கு மேல் நீண்ட ஒரு கடிதம் எழுதினார். சிறுவனாக இருந்தபோது ஓர் இரவில் தண்ணீர் கேட்டு அழுததற்காகத் தந்தை அவரைத் தூக்கிச் சென்று, இரவு உடையோடு வெளி மாடத்தில் நிற்கவைத்துக் கதவைச் சாத்தியது அதில் வருகிறது. தன் புத்தகம் வெளிவந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம், சீட்டாடிக்கொண்டிருக்கும் தந்தை ‘படுக்கை அருகே மேசையில் வை’ என்பதோடு நிறுத்திக்கொள்வார் என்பதும் வருகிறது. கடிதம் தந்தையின் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. அவ்வளவு பெரிய எழுத்தாளரும் தந்தையின் அலட்சியத்தைத் தன் எழுத்தின் மதிப்பாக எடுத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் வருந்தினார்; அந்த வருத்தத்தோடேயே எழுதவும் செய்தார். குரல் ஓய்ந்த பிறகு எழுதலாம் என்று அவர் இருந்திருந்தால் நமக்கு ஒரு வரியும் கிடைத்திருக்காது.

கைக்கு எட்டும் சில காரியங்களைச் சொல்கிறேன். துண்டுத் தாளை விட்டுவிட்டு, நூல் தைத்துக் கட்டிய நோட்டில் எழுதுங்கள். அச்சகத்தில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரு தாளைக் கிழித்தால் அதன் எதிர்த்தாளும் கழன்று வரும், எனவே கை சற்றுத் தயங்கும். குரல் கேட்டால் அது சொன்ன வார்த்தைகளை அப்படியே ஓரத்தில் எழுதித் தேதி போட்டுவிட்டுக் கதையைத் தொடருங்கள். எழுதிய இரவிலேயே படிக்காதீர்கள்; ஒரு வாரம் கழித்து, பகல் வெளிச்சத்தில் படியுங்கள். அனுப்புவதா இல்லையா என்பதை எழுதும்போது யோசிக்கவே வேண்டாம். அது வேறொரு நாளில், வேறொரு மனநிலையில் எடுக்க வேண்டிய முடிவு.

சொந்தப் பெயரில் வருவதுதான் அச்சம் என்றால் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். துவரங்குறிச்சியில் பதின்பருவத் தொடக்கத்திலேயே பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்ட கவிஞர் சல்மா, எழுதிய தாள்களை வீட்டார் கண்ணில் படாமல் ஒளித்துவைத்து, அந்தப் புனைபெயரில்தான் வெளியிட்டார். 2000இல் முதல் தொகுப்பு வந்தது. இதழுக்கு அனுப்பும்போது, சன்மானம் அனுப்புவதற்காக உண்மைப் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதி, அவற்றை வெளியிட வேண்டாம் என்று குறித்துவிட்டால் போதும்.

கேள்வி: விடுதியில் தங்கிப் படித்த ஆறு ஆண்டுகளும் அடி, அவமானம். வயது 29. மூன்று மாதமாக மனநல ஆலோசனைக்குப் போகிறேன். "நடந்ததை எழுதிப் பாருங்கள்" என்றார் ஆலோசகர். எழுதினால் இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. மருத்துவர் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் கவிதை எழுதுபவன். வலி போய்விட்டால் கவிதையும் போய்விடாதா?
— ஒரு கவிஞர்

பதில்: ‘எழுதிப் பாருங்கள்’ என்ற ஆலோசனைக்கு ஆய்வுப் பின்னணி உண்டு. 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் அவருடைய மாணவி ஒருவரும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த அனுபவத்தை எழுதினார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை மோசமாகத்தான் இருந்தது. பின்னர் வந்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பயன் உண்டு, ஆனால் சராசரியாக அது சிறியது என்று தெரிந்தது. எழுதியதும் சற்று மனம் கனப்பது எதிர்பார்க்கக்கூடியதே. இரண்டு நாள் படுக்கையிலேயே கிடப்பது அப்படிப்பட்டதல்ல. இதை மறைக்காமல் ஆலோசகரிடம் சொல்லுங்கள். வதைபட்டவர்கள் மீளும் வழியை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன், 1992இல் வெளியிட்ட நூலில், முதல் கட்டமாகப் பாதுகாப்பை நிலைநாட்டுவதை வைத்தார். நினைவுகூர்ந்து துக்கப்படுவது அதற்கடுத்த கட்டம். தூக்கமும் சாப்பாடும் ஒரு நிலைக்கு வருவதற்குள் விடுதி அறைக்குள் திரும்பவும் போய்த்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இன்னொன்று: ஆலோசகருக்காக எழுதுவதும் கவிதையும் ஒன்றல்ல. முன்னது யாரும் படிக்கத் தேவையில்லாதது. அழகாக இருக்கவும் வேண்டியதில்லை. கவிதைக்குள் அந்த விடுதி வந்துதான் ஆக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. கஷ்டப்பட்ட கவிஞன் தன் கஷ்டத்தைத்தான் பாட வேண்டும் என்று எதிர்பார்ப்பதை நாகரிகமான கொடுமை என்றே நான் நினைக்கிறேன். வேப்பமரத்தைப் பற்றி எழுதத் தோன்றினால் வேப்பமரத்தைப் பற்றியே எழுதுங்கள்.

வலி போனால் கவிதை போகுமா என்பதற்கு ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா உல்ஃப்பின் வாழ்க்கையைப் பார்க்கலாம். 13 வயதில் தாயை இழந்தவர். தாயின் முதல் திருமணத்தில் பிறந்த சகோதரர்களால் சிறுமியாக இருந்தபோது துன்புறுத்தப்பட்டதை அவரே பிற்காலக் குறிப்புகளில் பதிவுசெய்திருக்கிறார். மனநோய் முற்றிய காலங்களில் அவரால் எழுத முடியவில்லை. நாவல்கள் உருவானவை உடல்நலம் திரும்பிய இடைவெளிகளில். தாயை மனத்தில் வைத்து 1927இல் ஒரு நாவலை வெளியிட்ட பிறகு, அதுவரை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த தாயின் குரல் நின்றுபோனது என்றும் எழுதியிருக்கிறார். அதன்பின் அவர் வற்றிப்போகவில்லை. மேலும் பல நூல்கள் எழுதினார். ஆனால் எழுத்து மட்டும் அவரைக் காப்பாற்றப் போதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1941இல் நோய் திரும்பி அவர் உயிரை மாய்த்துக்கொண்டபோது, இன்று உங்களுக்குக் கிடைக்கும் மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை.

மாத்திரையைப் பொறுத்தவரை, மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் சிலருக்கு உணர்ச்சிகள் மரத்துப்போனது போன்ற நிலையை உண்டாக்குவது மருத்துவர்கள் அறிந்ததே. அப்படி நேர்ந்தால் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழி உண்டு. ‘கவிதை எழுத வரவில்லை’ என்பதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறிதான், அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிட மட்டும் கூடாது. தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு ஆகியவை வரலாம். ஆலோசகரைத் தொடர்புகொள்ள முடியாத இரவுகளில் மனம் மிகவும் தாழ்ந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணமில்லை, 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம்.

கேள்வி: என் அம்மா கோபம் வந்தால் கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைப்பார். இப்போது வயதாகி என்னோடுதான் இருக்கிறார், நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நான் எழுதிவரும் நாவலில் அப்படி ஒரு தாய் வருகிறாள். யாரென்று உறவுகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எழுதுவது துரோகமா?
— இல்லத்தரசி, வயது 44

பதில்: எழுதுவது துரோகமல்ல. வெளியிடுவது வேறு கேள்வி; அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால்தான் நாவல் நடுவழியில் நிற்கிறது என்று ஊகிக்கிறேன்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1824இல், 12 வயதில், லண்டனில் ஷூ பாலிஷ் தயாரிக்கும் பட்டறைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். பாலிஷ் குப்பியின் வாயில் எண்ணெய்த் தாளையும் அதன்மேல் நீலத் தாளையும் வைத்து நூலால் கட்டி, ஓரத்தைச் சீராகக் கத்தரித்து, லேபிள் ஒட்டுவது வேலை. கடனைக் கட்ட முடியாத தந்தை அப்போது சிறையில் இருந்தார். தந்தை விடுதலையாகிப் பையனை வேலையிலிருந்து எடுத்த பிறகும், திரும்ப அங்கேயே அனுப்பலாம் என்று தாய் வாதிட்டார். அதைத் தன்னால் ஒருபோதும் மறக்க முடியாது என்று டிக்கன்ஸ் பின்னாளில் எழுதினார். சுயசரிதையாக எழுதத் தொடங்கி, தொடர முடியாமல் விட்டுவிட்டார். அந்தப் பக்கங்களை 1849இல் தொடராக வரத் தொடங்கிய ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலுக்குள் கொண்டுபோனபோது, பாலிஷ் பட்டறை மது வணிகரின் கிடங்காயிற்று. குப்பிக்கு லேபிள் ஒட்டிய பையன், நாவலில் மது புட்டிகளைக் கழுவினான். கடன்பட்டுச் சிறை சென்ற தந்தை, வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்து நேசித்த மிக்காபர் என்ற பாத்திரமானார். இது எழுத்தாளரின் சொந்தக் கதை என்பது, 1870இல் அவர் இறந்த பிறகு நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலம்தான் வாசகர்களுக்குத் தெரிந்தது.

உங்கள் நாவலிலும் ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, காலம் ஆகியவற்றை மாற்றலாம். மாற்றினால் உண்மை கெட்டுவிடுமே என்று அஞ்ச வேண்டாம். கரண்டி காயும்போது எழும் மணமும், அதைக் கண்டதும் பிள்ளை கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொள்வதும் உங்கள் கையில் இருக்கும்வரை உண்மை எங்கும் போகாது. அம்மாவை மன்னித்துவிட்டு எழுதுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த அறிவுரை நம் ஊரில் தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. ஆனால் கரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த நாள் அவளுக்கு எப்படிப் போயிற்று என்பதைக் கதை சொல்லியாக வேண்டும். அவளுக்குச் சலுகை காட்டுவதற்காக அல்ல. அது இல்லாவிட்டால் அவள் வெறும் அரக்கியாகி, வாசகர் அவளை நம்ப மாட்டார் என்பதற்காக. காலையில் அம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு மாலையில் அந்தத் தாயை எழுதுவது கடினம். நாவல் முடியும்வரை வீட்டில் யாரிடமும் அதைப் பற்றிப் பேசாதிருப்பது நல்லது.

கேள்வி: என்னை யாரும் அடித்ததில்லை. ஆனால் ‘தண்டம்’, ‘உருப்படாதது’ என்ற வார்த்தைகளைக் கேட்காத நாளில்லை. இதையெல்லாம் கஷ்டம் என்று சொல்லி வரையவும் எழுதவும் எனக்குத் தகுதி இருக்கிறதா? உண்மையிலேயே அடிபட்டவர்கள் சிரிக்க மாட்டார்களா?
— கல்லூரி மாணவர்

பதில்: சிரிக்க மாட்டார்கள். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் நடத்தி 1998இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், சிறுவயதுத் துன்பங்களை ஏழு வகையாகப் பிரித்தார்கள். ஓயாமல் திட்டுவதும் இழிவுபடுத்துவதும் அடிக்குப் பக்கத்திலேயே ஒரு தனி வகையாக இடம்பெற்றன. கேள்விகளுக்குப் பதிலளித்த 9,500க்கு மேற்பட்ட பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகையையாவது அனுபவித்திருந்தார்கள். இந்தியாவில் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் 2007இல் வெளியிட்ட, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்விலும், ஏறத்தாழ இரண்டில் ஒரு குழந்தை மனரீதியான கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னது. மேலும், படம் வரையத் தகுதிச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. ‘எனக்குப் பட்டது போதாது’ என்று நீங்கள் கேட்பதே, ‘உருப்படாதது’ என்று கேட்டு வளர்ந்தவர் கேட்கும் கேள்விதான்.

கேள்வி: என் மனைவி நன்றாக வரைவார். சிறுவயதில் சித்தியிடம் வளர்ந்து மிகவும் கஷ்டப்பட்டவர். படத்தைப் பார்த்து ‘பிரமாதம்’ என்றால், "சும்மா சொல்றீங்க" என்று திருப்பி வைத்துவிடுகிறார். பாராட்டாமல் இருந்தாலும் முகம் வாடுகிறது. நான் என்னதான் செய்வது?
— ஒரு கணவர்

பதில்: ‘பிரமாதம்’ என்பதை அவரால் சரிபார்க்க முடியாது, அதனால் நம்பவும் முடிவதில்லை. படத்தில் உங்கள் கண் எங்கே நின்றதோ அதைச் சொல்லுங்கள்: ‘இந்தக் குடத்தின் அடியில் விழும் நிழலில் கொஞ்சம் ஊதா தெரிகிறதே, வேண்டுமென்றே வைத்தாயா?’ என்று கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பேச்சில் சந்தேகத்துக்கு அதிக இடமிருக்காது. கேட்காமல் உறவினர்களுக்குக் காட்டாதீர்கள்; வாட்ஸப்பில் போடவும் வேண்டாம். எதை யாருக்குக் காட்டுவது என்பது அவர் கையிலேயே இருக்கட்டும். சித்தி வீட்டில் அவருக்கு இல்லாமல் போனது அதுதான். வரைவதற்கென்று வீட்டில் ஒரு மேசையும், அந்த நேரத்தில் யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரமும் ஏற்பாடு செய்ய முடியுமானால் செய்யுங்கள். அந்த ஒரு மணி நேரம் சமையலறையில் நீங்கள் நில்லுங்கள்.